கம்ப்யூட்டரில் கணக்கு: சின்ன முக்கோணம் சொல்லும் பெரிய உயரம்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பலரும் சொல்லும் முதல் காரணம், பிள்ளைகளின் படிப்பு. ஆனால் வாங்கிய சில வாரங்களில் பாடப் புத்தகம் ஒரு மேஜையிலும் கம்ப்யூட்டர் இன்னொரு மேஜையிலும் தனித்தனியே இருந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர ஏற்ற பாடம் ஒன்று பத்தாம் வகுப்பு வடிவியலில் இருக்கிறது. அதுதான் வடிவொத்த முக்கோணங்கள். அதிலும் செங்கோண முக்கோணங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பாடத்தில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு செங்கோண முக்கோணங்களில் ஒரு குறுங்கோணம் சமமாக இருந்தால் போதும். அவை இரண்டும் ஒரே வடிவம் கொண்டவை. பக்கங்களின் விகிதமும் ஒன்றே. எனவே கைக்கு எட்டும் சிறிய முக்கோணத்தை அளந்து, கைக்கு எட்டாத பெரிய முக்கோணத்தின் அளவைச் சொல்லிவிடலாம். பெருக்கல், வகுத்தலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்தோடு ஒப்பிடுவது என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் மறுக்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். ஆகவேதான் பாடம் புரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மானிட்டரில் தொடங்குவோம்

மானிட்டரை வாங்கும்போது கடைக்காரர் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்கிறார்: 20 இன்ச், 22 இன்ச், 24 இன்ச். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள குறுக்களவு. அகலமும் உயரமும் சொல்லாமல் குறுக்களவை மட்டும் சொன்னால் எப்படிப் போதும்?

திரையில் குறுக்காக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். திரையின் அகலம் அடிப்பக்கம், உயரம் செங்குத்துப் பக்கம், குறுக்கே போகும் கோடு கர்ணம். பழைய பெட்டி வடிவ மானிட்டர்களில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. அப்படியானால் கர்ணம் 5. பள்ளியில் பிதாகரஸ் தேற்றத்துக்கு முதலில் சொல்லித் தரும் அதே 3, 4, 5 முக்கோணம்தான். எல்லா 4:3 திரைகளும் ஒன்றுக்கொன்று வடிவொத்தவை என்பதால், குறுக்களவு தெரிந்தால் மற்ற இரண்டும் தெரிந்துவிடும். 15 இன்ச் என்றால் 12 இன்ச் அகலம், 9 இன்ச் உயரம். 20 இன்ச் என்றால் 16 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம்.

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மானிட்டர்களின் விகிதம் 16:9. இது வேறு வடிவம். 16-இன் வர்க்கம் 256, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 337. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18.36. ஆகவே குறுக்களவு 18.36 பங்கு என்றால் அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு.

இதை எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் போட்டுப் பார்க்கலாம். புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளவும். ஏ2 செல்லில் 20 என டைப் செய்திடவும். பி2 செல்லுக்குச் சென்று சம அடையாளம் (=) போடவும். மவுஸால் ஏ2 செல்லைக் கிளிக் செய்திடவும். தொடர்ந்து *16/337^0.5 என டைப் செய்து என்டர் தட்டவும். 17.43 என்று அகலம் கிடைக்கும். சி2 செல்லில் இதேபோல் 16-க்குப் பதில் 9 கொடுத்தால் உயரம் 9.81 கிடைக்கும். இதில் ^0.5 என்பது வர்க்கமூலத்தைக் குறிக்கிறது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 4:3 விகிதத்தில் உள்ள 20 இன்ச் திரையின் பரப்பு 16 × 12 = 192 சதுர இன்ச். 16:9 விகிதத்தில் உள்ள 20 இன்ச் திரையின் பரப்பு 17.43 × 9.81, அதாவது ஏறத்தாழ 171 சதுர இன்ச். இரண்டையும் 20 இன்ச் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பரப்பில் 21 சதுர இன்ச் வித்தியாசம் இருக்கிறது. வடிவொத்த திரைகளைத்தான் குறுக்களவை வைத்து ஒப்பிடலாம். வடிவம் மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது.

படங்களுக்கும் இதே கதைதான். விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த போட்டோவைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் முகம் அகன்றுவிடுகிறது. பழைய படத்தில் இருந்த முக்கோணமும் புதிய படத்தில் உள்ள முக்கோணமும் வடிவொத்தவையாக இல்லாமல் போனதுதான் காரணம். பெயின்ட் புரோகிராமில் ரீசைஸ் விண்டோவைத் திறந்தால், மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். இரண்டு பக்கங்களும் ஒரே மடங்கில் மாற வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டம் அது.

ஒரு கோணம் ஏன் போதும்?

எந்த முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி. செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணம் 90 டிகிரி என்று முன்பே முடிவாகிவிட்டது. மீதி இரண்டும் சேர்ந்து 90 டிகிரி. அவற்றில் ஒன்று 35 டிகிரி என்றால் மற்றது 55 டிகிரியாகத்தான் இருக்க முடியும். ஆகவே ஒரு குறுங்கோணம் சமம் என்றாலே மூன்று கோணங்களும் சமம். கோணங்கள் சமமான முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும்.

ஒத்த பக்கம் என்றால் என்ன? சமமான கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். 35 டிகிரிக்கு எதிரே உள்ள பக்கத்தை இன்னொரு முக்கோணத்தின் 35 டிகிரிக்கு எதிரே உள்ள பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கர்ணத்தைக் கர்ணத்தோடுதான் ஒப்பிட வேண்டும். காகிதத்தில் முக்கோணம் திரும்பிக் கிடந்தாலும் தலைகீழாக நின்றாலும் இந்த விதி மாறாது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வடிவொத்தவை வேறு, சர்வசமம் வேறு. சர்வசம முக்கோணங்களில் வடிவமும் அளவும் ஒன்றே. வடிவொத்தவற்றில் வடிவம் மட்டும் ஒன்று, அளவு எதுவாகவும் இருக்கலாம். பக்கங்கள் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

ஜியோஜீப்ராவில் செய்து பாருங்கள்

வடிவியலைத் திரையில் வரைந்து, இழுத்துப் பார்க்க உதவும் இலவச புரோகிராம் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் இதைத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசின் கணிதப் பாடநூல்களிலும் இதைக் கொண்டு செய்யும் பயிற்சிகள் தரப்பட்டுள்ளன. இணைய இணைப்பு இருந்தால் இன்ஸ்டால் செய்யாமலேயே பிரவுசரில் திறக்கலாம். டவுன்லோட் செய்தும் வைத்துக்கொள்ளலாம்.

1. கிளாசிக் பதிப்பைத் திறந்தால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அச்சுக் கோடுகள் தெரியும்.

2. ரே என்னும் டூலைத் தேர்ந்தெடுத்து, இரண்டு அச்சுகளும் வெட்டும் இடத்தில் ஒரு கிளிக், வலப்புறம் சற்று மேலே இன்னொரு கிளிக் செய்திடவும். சாய்ந்து மேலே போகும் கோடு கிடைக்கும்.

3. பாயின்ட் டூலை எடுத்து, கிடையச்சின் மேல் வலப்புறமாக ஒரு புள்ளி வைக்கவும்.

4. பெர்பென்டிகுலர் லைன் டூலை எடுத்து, அந்தப் புள்ளியையும் கிடையச்சையும் கிளிக் செய்திடவும். செங்குத்துக் கோடு ஒன்று எழும்பும்.

5. இன்டர்செக்ட் டூலை எடுத்து, செங்குத்துக் கோட்டையும் சாய்ந்த கோட்டையும் கிளிக் செய்திடவும். உச்சிப் புள்ளி கிடைக்கும்.

6. டிஸ்டன்ஸ் டூலால் அடிப்பக்கம், செங்குத்துப் பக்கம், கர்ணம் மூன்றின் நீளத்தையும் திரையில் வரவழைக்கவும்.

இப்போது மூவ் டூலைத் தேர்ந்தெடுத்து, கிடையச்சில் வைத்த புள்ளியை மவுஸால் பிடித்து இழுக்கவும். முக்கோணம் பெரிதாகும், சிறிதாகும். நீளங்கள் எல்லாம் மாறும். நான்கைந்து இடங்களில் நிறுத்தி, செங்குத்துப் பக்கத்தை அடிப்பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே விடை வரும். தசம இடங்கள் திரையில் சுருக்கப்படுவதால் கடைசி இலக்கம் சற்று மாறலாம். அடுத்து, சாய்ந்த கோட்டின் மேல் இருக்கும் புள்ளியை இழுங்கள். கோணம் மாறும். அப்போதுதான் விகிதமும் மாறும்.

ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு உரிய அந்த மாறாத எண்ணுக்குத்தான் முக்கோணவியலில் டேன்ஜென்ட் என்று பெயர். சைனும் கோசைனும் இதேபோல் கர்ணத்தோடு சேர்ந்த விகிதங்கள். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போக முடிந்ததற்கு, கோணம் தெரிந்தால் விகிதம் தெரியும் என்ற இந்த உண்மையே அடிப்படை.

நெய்வேலி வெயிலில் ஒரு கணக்கு

இனி வீட்டை விட்டு வெளியே வருவோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அகலமான ரோடுகள், வரிசையாக மரங்கள், பள்ளி மைதானங்கள், கொடிக்கம்பங்கள் என அளந்து பழகப் பொருள்களுக்குக் குறைவில்லை. ஒரு பள்ளிக் கொடிக்கம்பத்தை எடுத்துக்கொள்வோம்.

சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் கம்பத்திலும் அருகில் நட்ட குச்சியிலும் ஒரே சாய்வில் விழுகின்றன. கம்பம், அதன் நிழல், உச்சியைத் தொட்டு வரும் கதிர் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். குச்சியும் அதன் நிழலும் இன்னொரு செங்கோண முக்கோணம். கதிரின் சாய்வு சமம் என்பதால் இரண்டும் வடிவொத்தவை.

உதாரணத்துக்கு, காலை ஒன்பது மணி அளவில் 100 செ.மீ. குச்சியின் நிழல் 125 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் நிழல் 940 செ.மீ. கம்பத்தின் உயரம் = 940 × 100 ÷ 125 = 752 செ.மீ. ஒர்க் ஷீட்டில் ஏ பத்தியில் குச்சியின் உயரம், பி பத்தியில் குச்சியின் நிழல், சி பத்தியில் கம்பத்தின் நிழல் என்று வைத்து, டி பத்தியில் சி × ஏ ÷ பி என்று பார்முலா அமைத்திடவும். வெவ்வேறு நேரங்களில் நான்கு தடவை அளந்து எழுதி, விடைகளின் சராசரியை எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

எந்த நேரத்தில் அளப்பது? நெய்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் பதினொன்றரை டிகிரியில் இருக்கிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் நண்பகலில் 100 செ.மீ. குச்சியின் நிழல் ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே. அதில் 1 செ.மீ. தவறினால் விடையில் 5 சதவீதம் போய்விடும். 125 செ.மீ. நிழலில் அதே 1 செ.மீ. தவறு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 தேதிகளை ஒட்டி நண்பகலில் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. அப்போது முக்கோணமே இல்லை, கணக்கும் இல்லை. ஆகவே காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை, அல்லது மாலை மூன்றிலிருந்து நான்கு வரை அளப்பது நல்லது.

சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. எனவே குச்சியின் நிழல் நுனியையும் கம்பத்தின் நிழல் நுனியையும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். பிறகு நிதானமாக அளக்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும். குச்சி நேராக நிற்கிறதா என்று ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

நெருங்க முடியாத உயரம்

நெய்வேலியில் தூரத்திலிருந்தே கண்ணில் படுபவை அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. மற்ற நிலையங்கள் இயங்குகின்றன. அவை பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அடிவாரத்துக்குப் போய் நிழலை அளக்க முடியாது. அப்படியானால் என்ன செய்வது?

வழி சொன்னவர் ஆரியபட்டர். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் விளக்கு, சங்கு, நிழல் பற்றிய விதிகள் இருக்கின்றன. சங்கு என்பது நேராக நடப்பட்ட குச்சி; வழக்கமாக 12 அங்குலம். விளக்குக்கும் சங்குக்கும் உள்ள தூரத்தைச் சங்கின் உயரத்தால் பெருக்கி, விளக்கின் உயரத்துக்கும் சங்கின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் நிழலின் நீளம் வரும். விளக்கு 60 அங்குலம், தூரம் 96 அங்குலம் என்றால், 96 × 12 ÷ 48 = 24 அங்குல நிழல். சரிபார்ப்போம். சிறிய முக்கோணத்தில் 12-க்கு 24. பெரிய முக்கோணத்தில் 60-க்கு 96 + 24 = 120. இரண்டிலும் விகிதம் பாதிதான். அடுத்த விதியில், விளக்கின் உயரமும் தூரமும் தெரியாதபோது, சங்கை இரண்டு இடங்களில் நட்டு இரண்டு நிழல்களைக் கொண்டு அவற்றைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறார்.

அதே யோசனையை நாமும் பயன்படுத்தலாம். ஒரு மீட்டர் மரச்சட்டத்தைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து, அதன் மேல் 30 செ.மீ. ஸ்கேலை நேராக நிறுத்தி நகர்த்தவும். ஸ்கேலின் உச்சியும் தூரத்தில் தெரியும் உச்சியும் ஒரே கோட்டில் வரும்போது நிறுத்தி, கண்ணுக்கும் ஸ்கேலுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளவும். முதல் இடத்தில் அது 60 செ.மீ. என்றால், நீங்கள் நிற்கும் தூரம் உயரத்தைப் போல 2 மடங்கு. நேர் பின்னால் 100 மீட்டர் தள்ளிப் போனதும் அது 90 செ.மீ. ஆனால், தூரம் 3 மடங்கு. வித்தியாசம் சரியாக ஒரு மடங்கு. அதுதான் 100 மீட்டர். ஆகவே கண் மட்டத்துக்கு மேல் உயரம் 100 மீட்டர். அதனுடன் உங்கள் கண் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டிக்கொள்ளவும்.

100 மீட்டருக்குப் பதில் 20 மீட்டர் மட்டும் பின்னால் போனால் என்ன ஆகும்? அளவு 60-லிருந்து 66-க்கு மாறும். கை ஆடி அதை 67 என்று படித்துவிட்டால், விடை 100-க்குப் பதில் 86 மீட்டருக்கு இறங்கிவிடும். 100 மீட்டர் போய் 90-க்குப் பதில் 91 என்று படித்தால் விடை 97 மீட்டர். தவறு அதே 1 செ.மீ.தான். முக்கோணங்கள் இரண்டும் நன்றாக வேறுபட்டிருந்தால் அதன் பாதிப்பு குறைகிறது. ஒர்க் ஷீட்டில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு இதை நீங்களே பார்க்கலாம்.

குவியலும் சரிவும்

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கத்தில், நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன் மேல் உள்ள மண்ணைப் பக்கெட் வீல் எந்திரங்கள் வெட்டி எடுக்கின்றன. கன்வேயர் பெல்ட்டில் போகும் அந்த மண்ணை இன்னொரு இடத்தில் ஸ்பிரெட்டர் எந்திரம் கொட்டுகிறது. இங்கும் செங்கோண முக்கோணங்கள்தான்.

காய்ந்த மணலைக் கொட்டினால் அது சுமார் 34 டிகிரி சரிவில் நிற்கும். அதற்கு மேல் செங்குத்தாக்கினால் சரிந்துவிடும். வீடு கட்டும் இடத்தில் இருக்கும் சிறிய குவியலும், லாரிகள் கொட்டிய பெரிய குவியலும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இருப்பது இதனால்தான். 34 டிகிரிக்கு டேன்ஜென்ட் மதிப்பு 0.67. அதாவது அடிவட்டத்தின் ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம். ஆரம் 3 மீட்டர் என்றால் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். களிமண் கலந்தாலோ மழைநீர் ஊறினாலோ சரிவு மாறும். சுரங்கத்தில் படிப்படியாக வெட்டப்படும் மண் சுவர்களின் சரிவை ஓயாமல் கண்காணிப்பது இதனால்தான். அங்கே கோணம் என்பது உயிர்ப் பாதுகாப்பு.

வீட்டிலும் சரிவுக்கு வேலை இருக்கிறது. சக்கர நாற்காலியில் போகும் பெரியவர்களுக்காக வாசலில் சாய்தளம் கட்டும்போது 1:12 என்ற விகிதத்தைக் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் கிடையாக 540 செ.மீ. நீள வேண்டும். இடமில்லை என்று நீளத்தைப் பாதியாக்கினால் அது வேறு முக்கோணம். ஏற்றுவதும் கடினம், இறக்குவதும் ஆபத்து.

ஒன்றுக்குள் மூன்று

செங்கோண முக்கோணத்துக்கு மட்டுமே உரிய சிறப்பு ஒன்று உண்டு. செங்கோண முனையை க என்றும் கர்ணத்தின் இரு முனைகளை ச, ட என்றும் வைத்துக்கொள்வோம். க-விலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு வரையவும். அது கர்ணத்தைத் தொடும் இடம் த. இப்போது பெரிய முக்கோணம் ஒன்று, உள்ளே சிறியவை இரண்டு. ஒவ்வொரு சிறிய முக்கோணமும் பெரியதோடு ஒரு குறுங்கோணத்தைப் பகிர்ந்துகொள்கிறது. தனக்கென ஒரு செங்கோணமும் வைத்திருக்கிறது. ஆகவே மூன்றும் வடிவொத்தவை.

சிறிய இரண்டையும் ஒப்பிட்டால், கத × கத = சத × தட என்று வரும். கர்ணம் 4, 9 என்று பிரிந்தால் நடுக்கோட்டின் வர்க்கம் 36, நீளம் 6.

இதற்குச் செலவில்லாத ஒரு பயன். மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு மூலையைச் சரியான செங்கோணமாக வெட்டிக்கொள்ளவும். அந்த மூலையைக் கண்ணருகே பிடித்து, வீட்டுச் சுவரின் முன் நிற்கவும். ஒரு விளிம்பு சுவரின் அடியையும், மற்றொரு விளிம்பு உச்சியையும் காட்டும் வரை முன்னும் பின்னும் நகரவும். கண் உயரம் 1.5 மீட்டர், கண்ணுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் 3 மீட்டர் என்றால், கண்ணுக்கு மேல் உள்ள சுவர் 3 × 3 ÷ 1.5 = 6 மீட்டர். மொத்தம் 7.5 மீட்டர். வெயிலும் வேண்டாம், நிழலும் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

- எக்ஸெலிலும் கால்க்கிலும் டேன் பங்ஷன் கோணத்தை டிகிரியில் எடுத்துக்கொள்ளாது, ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். 35 என்று நேரடியாகக் கொடுத்தால் 0.47 என்று தரும். சரியான மதிப்பு 0.70. கோணத்தை முதலில் ரேடியன்ஸ் பங்ஷனுக்குள் கொடுத்து, அதை டேன் பங்ஷனுக்குள் வைக்கவும்.

- விண்டோஸ் கால்குலேட்டரில் சயின்டிபிக் பிரிவுக்குச் சென்று, டிகிரி தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கவும்.

- ஒரே கணக்கில் செ.மீ., மீட்டர் இரண்டையும் கலக்க வேண்டாம்.

- விடை வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். குச்சியின் நிழல் குச்சியைவிட நீளமாக இருந்ததா? அப்படியானால் கம்பத்தின் உயரமும் அதன் நிழலைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் விகிதம் தலைகீழாகிவிட்டது.

பயிற்சி

1. 16:9 விகிதத்தில் 24 இன்ச் மானிட்டரின் அகலம், உயரம் என்ன?
2. 90 செ.மீ. குச்சியின் நிழல் 120 செ.மீ. அதே நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் 16 மீட்டர். தொட்டியின் உயரம் என்ன?
3. 30 செ.மீ. உயர வாசலுக்கு 1:12 சாய்தளத்தின் கிடை நீளம் என்ன?
4. செங்கோண முனையிலிருந்து வரைந்த செங்குத்து, கர்ணத்தை 2 செ.மீ., 8 செ.மீ. எனப் பிரிக்கிறது. செங்குத்தின் நீளம் என்ன?

விடைகள்: 1) 20.9 இன்ச், 11.8 இன்ச். 2) 12 மீட்டர். 3) 360 செ.மீ. 4) 4 செ.மீ.

முதலில் காகிதத்தில் இரண்டு முக்கோணங்களையும் வரைந்து, ஒத்த பக்கங்களுக்கு ஒரே நிறத்தில் கோடு போடுங்கள். அதன் பிறகு கீ போர்டைத் தொடுங்கள். இந்த வரிசையில் பழகிவிட்டால் பத்தாம் வகுப்புக் கணக்கும் எளிதாகும். கம்ப்யூட்டர் தரும் விடை சரியா, தவறா என்று சொல்லும் தைரியமும் வரும்.